செலவு ஏறி இறங்கிய மாடிப்படி

எல்சி செவுளைத் தூக்கிப் பார்க்காமல் மீன் வாங்கியதே இல்லை. விற்பவள் சொந்தச் சித்தியாக இருந்தாலும் பார்ப்பாள். சிவப்பாக இருந்தால் பேரம், வெளுத்திருந்தால் அடுத்த கூடை. ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்படிப்பட்டவள் துலாக்கோல் ஒப்பீட்டு மையத்தில் போய் எப்படி வேலைக்குச் சேர்ந்தாள் என்று கேட்பீர்கள். அந்த மீனுக்குச் செவுள் எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்கவே அவளுக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது, அவ்வளவுதான்.

மையம் இருந்த கட்டடம் ஒருகாலத்தில் வெங்காயக் குடோன். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் பகல் முழுக்க அதன் வாசலில் வரிசைகட்டி நிற்கும். குடோனுக்குக் கண்ணாடி பதித்து, ஏசி போட்டு, வாசலில் ஆளுயரத் தராசு ஒன்றையும் நட்டுவிட்டார்கள். ஆனாலும் மழை பெய்தால் சுவரிலிருந்து வெங்காய வாடை கிளம்பிவிடும். அன்றைக்கெல்லாம் ஊழியர்கள் காரணமே இல்லாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலை பார்ப்பார்கள்.

மையத்துக்கு இரண்டு தொழில். உலகத்தில் கெஸ்ட்ரிக்ஸ், ஓல்மிரா என்று இரண்டு பெரிய தொழில்நுட்ப நிறுவனங்கள். இரண்டுக்கும் கீரியும் பாம்பும் மாதிரி போட்டி என்று பேப்பரில் எழுதுவார்கள். படத்தில் இருப்பது நாயா பூனையா என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுப்பது, ஜனங்கள் எழுதும் கெட்ட வார்த்தைகளைப் பொறுக்கி எடுப்பது போன்ற எடுபிடி வேலைகள் கெஸ்ட்ரிக்ஸுக்காக முதல் மாடியில் நடந்தன. அதே நாய், அதே பூனை, அதே கெட்ட வார்த்தை ஓல்மிராவுக்காக இரண்டாம் மாடியில். இது முதல் தொழில். இந்த இரு நிறுவனங்களின் ‘வருவாய்க்கான செலவு’ காலாண்டுக்குக் காலாண்டு எப்படிப் போகிறது என்று நடுநிலையோடு ஒப்பிட்டு உலகத்துக்கு அறிவிப்பது இரண்டாவது தொழில். இரண்டு கல்யாணத்துக்கும் ஒரே ஆள் சமைத்துவிட்டு, எந்தச் சாப்பாடு ருசி என்று தீர்ப்பும் அவனே சொன்னால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது.

எல்சி இந்த இரண்டாவது தொழிலில் கோடு போடுகிறவள். கெஸ்ட்ரிக்ஸுக்கு நீலக் கோடு, ஓல்மிராவுக்குச் சிவப்புக் கோடு. கோடு ஏறினால் செலவு ஏறுகிறது, இறங்கினால் இறங்குகிறது.

அவள் புருஷன் சாவியோ காசிமேட்டில் விசைப்படகு இன்ஜின் மெக்கானிக். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே கேட்டான்.

“வருவாய்க்கான செலவுன்னா இன்னாமே?”

“நீ இன்ஜினு ரிப்பேர் பண்றல்ல? ஸ்பேரு, கிரீசு, ஒன்கூட வர ஆளுக்குக் கூலி. அது இல்லாம ஒனக்குத் துட்டு வருமா? அதான்.”

“அப்ப அந்தக் கம்பெனிக்கு இன்னா ஸ்பேரு, இன்னா கிரீசு?”

“நாங்கதான்யா” என்றாள். சொல்லிவிட்டுத் தட்டைத் தள்ளிவைத்தாள்.

ஏனென்றால் அந்தக் கோடுகளின் மேல் அவளுக்கு ஏற்கெனவே சந்தேகம் இருந்தது. ஒரு காலாண்டில் நீலம் இறங்கினால் சிவப்பு ஏறும். அடுத்த காலாண்டில் சிவப்பு இறங்கினால் நீலம் ஏறும். இறங்கிய அளவுக்குத்தான் ஏறும், ஒரு மயிரிழை கூடக் குறைய இருக்காது. உலகத்தின் இரண்டு மூலைகளில் இருக்கும் இரண்டு கம்பெனிகள் இவ்வளவு ஒழுங்காகப் பேசிவைத்துக்கொண்டா செலவு செய்யும்? சோழியன் குடுமி சும்மா ஆடாது என்று எல்சிக்குப் பட்டது.

விடை அவள் கண்ணெதிரிலேயே, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தது.

மையத்தில் ஒரு சம்பிரதாயம் உண்டு. காலாண்டின் கடைசி நாள் நண்பகல் பன்னிரண்டு மணிக்குக் காவலாளி அய்யாத்துரை ஒரு பித்தளை மணியை அடிப்பார். அந்த நொடியில் இரண்டு மாடிகளிலும் உள்ள கேமராக்கள் தலைகளை எண்ணும். முதல் மாடியில் இருக்கும் தலை எல்லாம் கெஸ்ட்ரிக்ஸின் செலவு, இரண்டாம் மாடியில் இருக்கும் தலை எல்லாம் ஓல்மிராவின் செலவு. அன்று காலையில் இயக்குநர் டாக்டர் ரகுபதி பெயர்களை வாசிப்பார். பெயர் வந்தவர்கள் தங்கள் நாற்காலியைத் தாங்களே தூக்கிக்கொண்டு ஏறவோ இறங்கவோ வேண்டும், நாற்காலியும் செலவுதானே. மணி அடித்து முடிந்ததும் ஆளுக்கு ஒரு துண்டு மைசூர்பாகு.

ஏசி காற்று எல்லோருக்கும் சமமாகக் கிடைப்பதற்காக இடம் மாற்றுகிறார்கள் என்றுதான் எல்சி வெகுநாள் நினைத்திருந்தாள். பக்கத்து நாற்காலி மதி, எம்.கே.பி. நகர்ப் பெண், சிரியோ சிரி என்று சிரித்தாள்.

“எல்சிக்கா, நீ போட்டுக்கினு கீற கோடு கம்பெனியோட கோடு இல்ல. நான் மாடி ஏறி எறங்கின கோடு.”

எல்சி அதை மனசில் வைத்துக்கொண்டு இருக்க மாட்டாமல் இயக்குநரிடமே கேட்டுவிட்டாள். டாக்டர் ரகுபதி தினமும் நகரத்தின் தென்கோடியிலிருந்து காரில் வருபவர். மணலித் தொழிற்சாலைப் பக்கக் காற்று ஆகாது என்று உள்ளேயும் முகக்கவசம் போட்டிருப்பார், உரையாற்றும்போது மட்டும் கழற்றுவார். இப்போது கழற்றினார்.

“எல்சி, போட்டி என்றால் என்ன? இருவரும் மாறி மாறி ஜெயிப்பது. ஒருவரே ஜெயித்துக்கொண்டிருந்தால் ஒப்பிட நமக்கு என்ன மிஞ்சும்? நம் தராசு நேர்மையானது. இந்தத் தட்டில் எடுத்ததை அந்தத் தட்டில்தான் வைக்கிறோம். யாராவது வீட்டுக்கு எடுத்துப் போகிறோமா?”

எல்சியால் இதில் ஒரு குற்றமும் கண்டுபிடிக்க முடியவில்லை. அதனால் சந்தேகம் இரண்டு மடங்கானது.

இந்தச் சமயத்தில்தான் அவள் உண்டாகியிருந்தாள். கல்யாணமாகி வெகுகாலம் கழித்து, மாதா கோயிலில் ஏற்றாத மெழுகுவத்தி இல்லை என்று ஆன பிறகு, வந்த பிள்ளை. பிரசவ விடுப்பு வேண்டும், சம்பளத்தோடு வேண்டும். சாவியோவுக்கு மீன்பிடித் தடைக்காலத்தில் வேலை கிடையாது. விடுப்பு இல்லாவிட்டால் பிள்ளையைப் பெற்ற கையோடு வேலைக்கு ஓட வேண்டும், அல்லது வேலையை விட வேண்டும்.

மையத்தின் விதி சுருக்கமானது. அடுத்தடுத்த இரண்டு எண்ணிக்கைகளில் ஒரே மாடியில் இருந்தவர்களுக்கே விடுப்பு. ஒரே நிறுவனத்தின் செலவாகத் தொடர்ந்து இருந்தால்தானே அந்த நிறுவனம் விடுப்பு தரும்? விடுப்பு கேட்டவர் பெயர் எப்படியும் இயக்குநரின் பட்டியலில் வந்துவிடும். இதனாலேயே மையம் தொடங்கிய நாளிலிருந்து ஒருவரும் விடுப்பு வாங்கியதில்லை. மார்ச் மாதக் கடைசியில் எல்சி முதல் மாடியில் எண்ணப்பட்டிருந்தாள். ஜூன் கடைசியிலும் அங்கேயே உட்கார்ந்துவிட்டால் பிழைத்தாள்.

ஜூன் கடைசி நாள் காலையில் இயக்குநர் வாசித்த முதல் பெயரே எல்சிதான்.

“சார், மாசமா கீறேன் சார். இந்த ஒரு வாட்டி வுட்டுடுங்க, மொதல் மாடிலயே இருந்துக்கறேன்” என்று கெஞ்சினாள்.

“தாய்மை புனிதமானது, எல்சி. அதனால்தான் உங்கள் நாற்காலியை நீங்கள் தூக்க வேண்டாம் என்று சலுகை தருகிறேன்” என்றார் அவர்.

பட்டியலில் அடுத்த பெயராக வந்த மதி இருவர் நாற்காலிகளையும் தூக்கிக்கொண்டு முன்னால் போனாள். குடோன் காலத்து மாடிப்படி, மூட்டை தூக்குபவர்களுக்காகக் கட்டியது, செங்குத்தாக ஏறும். முதல் மாடிக் கூடத்தின் நடுவிலிருந்து கிளம்பி, பாதியில் திரும்பி, இரண்டாம் மாடிக்குப் போகும். திரும்புகிற இடத்தில் அகலமாக ஒரு படிமேடை. அந்தக் காலத்தில் மூட்டையை இறக்கிவைத்து இளைப்பாறிய இடம். எல்சி அந்தப் படிமேடை வரை வந்தாள். கண் இருட்டிக்கொண்டு வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அய்யாத்துரை மணியை அடித்துவிட்டார்.

படிமேடையில் கேமரா கிடையாது. முதல் மாடியில் எல்சி இல்லை, இரண்டாம் மாடியிலும் இல்லை. மையத்தின் வரலாற்றிலேயே முதன்முறையாக நீலக் கோடு இறங்கியது, சிவப்புக் கோடு அதற்கு ஈடாக ஏறவில்லை. மொத்தச் செலவே குறைந்துவிட்டது என்று உலகம் அன்றிரவே கைதட்டியது.

மறுநாள் இயக்குநர் கூப்பிட்டனுப்பினார். வேலை போய்விட்டது என்று முடிவுகட்டிக்கொண்டு போனவளுக்கு முன்னால் ஓர் இளநீர் வைக்கப்பட்டது. எல்சி அதைத் தொடவில்லை.

“அங்கே நின்றபோது உங்களுக்கு என்ன தோன்றியது?” என்று கேட்டார் டாக்டர் ரகுபதி.

“மூச்சு வாங்கிச்சு சார்.”

“அதுதான்! இரு நிறுவனங்களும் மூச்சு விட்டன. எல்சி, தராசில் முள் எந்தத் தட்டில் இருக்கிறது? எதிலும் இல்லை. நடுவில் நிற்கிறது. நீங்கள் முள்ளாகிவிட்டீர்கள். அந்தப் படிமேடைக்கு இன்றுமுதல் நடுநிலை மேடை என்று பெயர்.”

“என் லீவு சார்? மார்ச்சுல மொதல் மாடில எண்ணினாங்க. ஜூன்ல நான் ரெண்டாவது மாடிக்கு இன்னும் போவவே இல்லியே?”

“ஜூனில் உங்களை யாரும் எண்ணவே இல்லையே. எண்ணப்படாதது நடக்கவே இல்லை. அதுதான் கணக்கியலின் அடிப்படை. உங்களைப் பொறுத்தவரை ஜூன் என்ற ஒன்றே கிடையாது. மார்ச்சுக்கு அடுத்தது செப்டம்பர்.”

எல்சி வெளியே வந்து மதியிடம் அப்படியே ஒப்பித்தாள். ஆறு மாதக் கர்ப்பத்தில் ஒரு மாதத்தையே இல்லை என்று சொல்லிவிட்டார்களே என்று அவளுக்கு அழுகையாக வந்தது. மழை வேறு பெய்ததால் யாரும் கவனிக்கவில்லை.

அடுத்து சம்பளத்தில் சிக்கல் வந்தது. எந்த நிறுவனத்தின் செலவாகவும் இல்லாதவளுக்கு எந்தக் கணக்கில் சம்பளம் போடுவது? இயக்குநர் அதற்கும் வழி கண்டார். சம்பள நாளன்று வாசல் தராசுக்கு முன்னால் ஒரு பேனர் கட்டினார்கள். ‘வடசென்னை ஏழைப் பெண்களுக்கு உதவிக்கரம்’ என்று எழுதியிருந்தது. எல்சியை நிறுத்தி, பெரிய அட்டைக் காசோலையாக அவள் சம்பளத்தையே அவளிடம் கொடுத்துப் படம் எடுத்தார்கள். இனி இது சமூக நலக் கணக்காம். எல்லோரும் கைதட்டினார்கள்.

“கொஞ்சம் நன்றியோடு பாருங்கள்” என்றார் படம் பிடித்தவர்.

“ஒழச்ச காசுக்கு இன்னாத்துக்குப்பா நன்றி?” என்றாள் எல்சி.

“சந்தேகப் பார்வை வேண்டாம். படத்தில் நன்றாக வராது.”

அந்தப் படத்தை சாவியோ வெகுநேரம் பார்த்தான். “இன்னாமே, நமக்கு யாரோ பிச்ச போடறமாரி கீது” என்றான். அவன் முகம் செத்துப்போயிருந்தது. எல்சிக்கு அன்றுதான் உண்மையிலேயே கோபம் வந்தது.

செப்டம்பர் கடைசி நாள் வந்தது. எல்சிக்கு நிறைமாதம். டாக்டரம்மா சொன்ன நாளுக்கு இன்னும் கொஞ்சம் அவகாசம் இருந்ததால், விடுப்பு இல்லாதவள் வேலைக்கு வந்திருந்தாள். அன்று காலையில் இயக்குநர் பெயர் எதுவும் வாசிக்கவில்லை. மொத்தப் பேரும் நடுநிலை மேடைக்கு வாருங்கள் என்றார்.

ஒருத்தி நின்றதற்கே உலகம் கைதட்டினால், எல்லோரும் நின்றால்? இரு நிறுவனங்களின் செலவும் ஒரேயடியாகப் பூஜ்யம். அறுபது எழுபது பேர் படிமேடையிலும் அதன் மேலும் கீழும் இருந்த படிகளிலும் புளிமூட்டை மாதிரி அடைந்து நின்றார்கள். யாருடைய நிழலும் எந்த மாடிக்குள்ளும் விழக்கூடாது என்று சாக்பீஸால் கோடு போட்டிருந்தது. தொப்பை இருந்தவர்களை உள்பக்கமாக நிறுத்தினார்கள். டாக்டர் ரகுபதி கீழே முதல் மாடிக் கூடத்தில் மைக்கோடு நின்றார், இயக்குநர் தலை எந்தச் செலவிலும் சேராது.

“நண்பர்களே! செலவே இல்லாத வருவாய் என்பது மனித குலத்தின் நெடுநாள் கனவு. அதற்கு நடுவில் எப்போதும் மனிதர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். இன்று அவர்களைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லியிருக்கிறோம். வேறொன்றும் செய்யவில்லை. நீங்கள் எங்கும் போய்விடவில்லை, வேலையும் நின்றுவிடவில்லை. எண்ணிக்கையில் மட்டும் இல்லை. இதைவிட ஒரு நிறுவனம் தன் ஊழியர்களுக்குச் செய்யக்கூடிய மரியாதை...”

“மதி” என்றாள் எல்சி. “வலிக்குதுடீ.”

“இன்னாக்கா, காலா?”

“இல்லடீ. வலிதான்டீ அது.”

படியெல்லாம் ஈரமானது. தெருவுக்குப் போக வேண்டுமானால் முதல் மாடிக் கூடத்தின் குறுக்காகத்தான் போக வேண்டும், வேறு வழி கிடையாது. மதி தான் தூக்கிவந்திருந்த நாற்காலியை இழுத்து எல்சியை உட்காரவைத்தாள். நாலு பேர் தூக்கினார்கள். இயக்குநர் சாக்பீஸ் கோட்டுக்கு முன்னால் வந்து இரண்டு கைகளையும் விரித்து நின்றார்.

“பன்னிரண்டு அடிக்கட்டும்! இன்னும் கொஞ்ச நேரம்தான்! இப்போது உள்ளே வந்தால் நீங்கள் கெஸ்ட்ரிக்ஸின் செலவு!”

“வலிக்கு மணி தெரியுமா சார்? தள்ளு!” என்றாள் மதி.

“மேலே போங்கள்! ஓல்மிரா பக்கம்...”

“மேல போயி? மொட்ட மாடிலேந்து குதிக்கறதா?”

“ஒரு நிறுவனத்தின் எதிர்காலத்தைக் கொஞ்சம் யோசியுங்கள், எல்சி! மூச்சை அடக்கிக்கொள்ளுங்கள்!”

எல்சி மூச்சை அடக்கவில்லை. அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் போட்டாள். வாசலில் நின்ற லாரிக்காரர்கள் அண்ணாந்து பார்த்தார்கள் என்று பிற்பாடு சொன்னார்கள். அந்தச் சத்தத்தில் படிக்கட்டே சரிந்து வந்தமாதிரி மொத்தக் கூட்டமும் கீழே இறங்கியது. நாற்காலியைத் தூக்கியவர்கள், பைகளை எடுத்தவர்கள், ஆட்டோவுக்கு போன் போட்டவர்கள், ஒன்றுக்கும் உதவாமல் மாதாவே மாதாவே என்று கத்தியவர்கள், எல்லோரும் முதல் மாடிக் கூடத்தில் இருந்தார்கள். கூடத்துச் சுவர்க் கடிகாரத்தில் மணி பன்னிரண்டு.

“அய்யாத்துரை! அடிக்காதே!” என்று இயக்குநர் மைக்கில் அலறினார்.

“பன்னெண்டு ஆனா வானமே இடிஞ்சு வுழுந்தாலும் அடிக்கணும்னு நீங்கதான சார் சொன்னீங்க” என்று சொல்லிவிட்டு அய்யாத்துரை அடித்தார். வழக்கத்தைவிட இரண்டு அடி சேர்த்தே அடித்தார்.

ஆட்டோ ராயபுரத்துப் பிரசவ ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது. சாவியோ கிரீஸ் கையோடு ஓடிவந்து, பிள்ளையைத் தொடப் பயந்து, நர்ஸம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டான்.

அந்தக் காலாண்டின் கோடுகள் உலகத்துக்குப் போயின. கெஸ்ட்ரிக்ஸின் நீலக் கோடு காகிதத்தைவிட்டு வெளியே ஏறியிருந்தது. ஓல்மிராவின் சிவப்புக் கோடு தரையில் படுத்துக் கிடந்தது. டாக்டர் ரகுபதி ராஜினாமா எழுதித் தயாராக வைத்திருந்தார் என்கிறார்கள். ஆனால் நிபுணர்கள் வேறுவிதமாகப் படித்தார்கள். ‘செலவே இல்லையென்றால் அங்கே ஒன்றுமே நடக்கவில்லை என்று அர்த்தம்’ என்று ஓல்மிராவைக் கைவிட்டார்கள். பங்கு விலை சரிந்தது. ‘கெஸ்ட்ரிக்ஸின் செலவு திடீரென்று ஏறியிருப்பது, அந்த நிறுவனம் எதிர்காலத்தில் துணிந்து முதலீடு செய்கிறது என்பதையே காட்டுகிறது’ என்று பக்கம் பக்கமாக எழுதினார்கள். அந்தப் பங்கு கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. எதிர்காலம் அப்போது ராயபுரத்து வீட்டில், தூளியில், கட்டைவிரலைச் சூப்பிக்கொண்டிருந்தது.

மதி இந்த நேரம் பார்த்து இயக்குநர் அறைக்குள் போனாள்.

“எல்சிக்கா மார்ச்சுல மொதல் மாடி. அப்பால ஜூனே கெடையாது, அடுத்தது செப்டம்பர்தான்னு நீங்களே சொன்னீங்க. செப்டம்பர்லயும் மொதல் மாடி. வரிசையா ரெண்டு ஆச்சா இல்லியா சார்?”

டாக்டர் ரகுபதி முகக்கவசத்தைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார். விடுப்பு கிடைத்தது. சம்பளத்தோடு.

சில நாள் கழித்து அவரே எல்சியின் சந்துக்குள் வந்தார். உலர்ந்துகொண்டிருந்த வலைகளைத் தாண்டி, கையில் மைசூர்பாகுப் பெட்டியோடு. சாவியோ பதறிப்போய் இருந்த ஒரே நாற்காலியைத் துடைத்துப் போட்டான்.

“உலகமே கெஸ்ட்ரிக்ஸின் தொலைநோக்கைப் பாராட்டுகிறது, எல்சி. டிசம்பரில் ஓல்மிராவின் முறை. அவர்களும் எதிர்காலத்தில் முதலீடு செய்யப் பிரியப்படுகிறார்கள்.” குரலைத் தாழ்த்தினார். “மதிக்கு இது எத்தனையாவது மாதம்?”

“மதிக்கு இன்னும் கல்யாணமே ஆவல சார்.”

“அதற்கென்ன, மையமே நடத்தி வைக்கும். சமூக நலக் கணக்கில்.” எழுந்து தூளிக்குள் எட்டிப் பார்த்தார். “அப்புறம், உங்கள் விடுப்பு மார்ச் கடைசியில் முடிகிறது. சரியாகப் பன்னிரண்டு மணிக்கு வந்துவிடுங்கள். உள்ளே உட்கார வேண்டாம், நேராக நடுநிலை மேடைக்குப் போய் நில்லுங்கள். உங்களுக்குத்தான் பழக்கம் இருக்கிறதே.”

எல்சி எழுந்து தூளித் துணியை இழுத்து மூடினாள்.

“வரேன் சார். ஆனா மொதல் மாடிலதான் ஒக்காருவேன். இவளையும் இட்டாருவேன். ரெண்டு தல சார். ஒழுங்கா எண்ணிக்கோங்க.”

அவர் சிரிப்பதா வேண்டாமா என்று புரியாமல் ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பினார். வலைகளுக்கு நடுவே வேட்டி நுனியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் போவதை எல்சி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நல்ல மன்சன்தான் போல” என்றான் சாவியோ, பெட்டியைப் பிரித்துக்கொண்டே. “வூடு தேடி ஸ்வீட்டெல்லாம் வாங்கியாந்துகீறாரு. இந்தா, துன்னு.”

எல்சி திரும்பவில்லை.

“அத்த மூடி வைய்யா” என்றாள். “செவுளு வெளுத்துக் கீது.”